டி.எம். இன்ஃபெக்ஷியஸ் டிசீஸ் முடித்தால் நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கம் பிழைக்க முடியுமா?

களியக்காவிளை_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். எம்.டி. ஜெனரல் மெடிசின் கடைசி வருடம். அடுத்து சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். எழுத வேண்டும். கூடப் படிப்பவர்கள் கார்டியாலஜி, காஸ்ட்ரோ என்று தெளிவாக இருக்கிறார்கள். எனக்கு மனசு டி.எம். இன்ஃபெக்ஷியஸ் டிசீஸ் (தொற்றுநோய் மருத்துவ மேற்படிப்பு, சுருக்கமாக ஐ.டி.) மேல்தான் நிற்கிறது. என்ன காய்ச்சல் என்று பிடிபடாத நோயாளி வார்டுக்கு வந்தால், டூட்டி முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் அந்த ஃபைலைப் புரட்டிக்கொண்டு நிற்கிற ஆள் நான்.

வீட்டில் சொன்னேன். அப்பாவுக்கு ரப்பர்தான் தொழில். "காய்ச்சலுக்கு மருந்து குடுக்கதுக்கு இன்னும் மூணு வருசம் படிக்கணுமா மக்கா?" என்று கேட்டார். மார்த்தாண்டத்தில் மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கும் மாமா இன்னும் நேராகவே சொல்லிவிட்டார்: குழாய் விடுகிற டாக்டருக்கும் கத்தி பிடிக்கிற டாக்டருக்கும்தான் காசு, மற்றவன் எல்லாம் சீட்டு எழுதுகிறவன். இருவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மனைவி பாறசாலையில் பள்ளி ஆசிரியை. அதனால் படித்து முடித்ததும் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் எங்காவது இருந்துகொள்ளலாம் என்பது ஆசை. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஐ.டி. டாக்டர் என்று தனியாக ஆள் எடுக்கிறார்களா, இல்லை ஜெனரல் மெடிசின் ஓ.பி.யில் உட்கார வைத்துவிடுவார்களா? அரசு வேலை, ஆராய்ச்சி, வெளிநாடு, இதில் எதெல்லாம் நடக்கிற காரியம்? சில ஆஸ்பத்திரிகள் தரும் ஒரு வருட ஃபெல்லோஷிப் சர்டிஃபிகேட் போதுமா, மூன்று வருட டி.எம். தானா? இந்த வழியில் போனவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கள். சம்பளமும் சேர்த்து.

தக்கலை_அக்கா:

தம்பி, உங்கள் மாமா சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஐ.டி. படித்தவர்கள் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

நம் கையில் ப்ரொசீஜர் கிடையாது. ஸ்டென்ட் இல்லை, எண்டோஸ்கோப்பி இல்லை, டயாலிசிஸ் மெஷின் இல்லை. இன்னொரு டாக்டரின் நோயாளியைப் போய்ப் பார்த்து, ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்து, லேபுக்கு இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு, மேலே ஏறி வந்து நாலு வரி எழுதுவதுதான் தொழில். பல நாள் அந்த நாலு வரியில் இரண்டு வரி "இந்த மருந்தை நிறுத்தலாம்" என்றுதான் இருக்கும். ஆஸ்பத்திரி கணக்கில் நாம் பில்லைக் குறைக்கிற ஆள்.

போன மழைக்காலத்தில் ஆறுகாணி பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். ஒரு வாரமாகக் காய்ச்சல், தலையைத் தூக்க முடியாத வலி. டெங்கு நெகட்டிவ், பிளேட்லெட் இறங்கியிருக்கிறது, லிவர் என்சைம் ஏறியிருக்கிறது, மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஐ.சி.யூ.வில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது. என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு சிஸ்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டு திரையை இழுத்துவிட்டு, காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு என்று ஒவ்வொரு மடிப்பாகத் தேடினேன். இடது மார்புக்கு அடியில் இருந்தது. சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். அது வலிக்காது, அரிக்காது. அதனால் அவருக்கே தெரியவில்லை, நாலு டாக்டர்கள் பார்த்தும் யாரும் அந்த இடத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை.

ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் ஒரு உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. மெரோபெனத்தால் அந்தக் கிருமியை ஒன்றும் செய்ய முடியாது. அதை நிறுத்திவிட்டு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு ஊசியாகப் போட்டோம். தீவிரமான ஸ்க்ரப் டைஃபஸில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் மேல் என்று 2023-இல் வந்த ஆய்வு, வேலூர் சி.எம்.சி. முன்னின்று நம் நாட்டு ஐ.சி.யூ.க்களிலேயே நடத்தியது. மூன்றாம் நாள் அந்த அம்மா கஞ்சி கேட்டார். அந்தக் குடும்பத்துக்கு நான் பெரிய டாக்டர். பில்லிங் கவுண்டரில் என் பெயருக்கு நேராக ஒரு கன்சல்டேஷன் ஃபீஸ், அவ்வளவுதான். விலை கூடிய ஊசியை நிறுத்தியதில் ஆஸ்பத்திரிக்கு வரவு குறைந்ததுதான் மிச்சம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. படிப்பு முடிந்து நான் முதலில் சேர்ந்த இடத்தில் (பெயர் வேண்டாம், இன்றும் அந்த வழியாகத்தான் போகிறேன்) ஃபீஸ் ஷேர் முறையில் எடுத்தார்கள். பார்க்கிற நோயாளிக்குத் தக்கபடி பங்கு. கூப்பிட்டால்தானே பார்க்க முடியும்? சர்ஜன்கள் கூப்பிட மாட்டார்கள், "நீங்க வந்தா மருந்தைப் பிடுங்கிருவீங்க" என்று முகத்துக்கு நேராகவே சிரிப்பார்கள். மாதக் கடைசியில் வந்த பணம் டூட்டி டாக்டர் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஓட்டிக்கொள்ள மாலையில் ஜெனரல் மெடிசின் ஓ.பி. போட்டேன். பிரஷரும் சுகரும் பார்த்துப் பார்த்து, மூன்று வருடம் படித்தது எதற்கு என்று தோன்றும். ஒரு மேனேஜர், "உங்க டிபார்ட்மென்ட் ரெவென்யூ என்ன மேடம்?" என்று கூட்டத்தில் வைத்தே கேட்டார். அப்புறம்தான் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இங்கே மாதச் சம்பளம். சனிக்கிழமை மட்டும் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

சரி, யார் சம்பளம் கொடுத்து ஐ.டி. ஆளை வைத்துக்கொள்வார்கள்? சிறுநீரகம், கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்கிற இடங்கள். புற்றுநோய், எலும்பு மஜ்ஜை மாற்று செய்கிற இடங்கள். பெரிய ஐ.சி.யூ. உள்ளவை. லட்சக்கணக்கில் செலவழித்து மாற்றிய கிட்னி பூஞ்சைத் தொற்றில் போனால் யாருக்கு நஷ்டம் என்று அங்கே மேனேஜ்மெண்டுக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் தரத்துக்கான என்.ஏ.பி.ஹெச். அங்கீகாரம் வேண்டுமென்றால் தொற்றுக் கட்டுப்பாட்டுக் கமிட்டி, ஆன்டிபயாட்டிக் பாலிசி எல்லாம் கட்டாயம். அதைப் பேப்பரில் மட்டும் நடத்துகிறவர்களும் உண்டு, ஆள் போட்டு நடத்துகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் உங்களுக்கு வேண்டும்.

கேரளத்தில் இந்த விஷயத்தில் கொஞ்சம் சூடு அதிகம். 2018 மே மாதம் கோழிக்கோடு பேராம்பிரையில் நிபா வந்தது முதல், ஐ.டி. என்றால் என்ன என்று பஞ்சாயத்து மெம்பருக்கும் தெரியும். எலிக்காய்ச்சல் ஒவ்வொரு மழைக்கும் வரும். இப்போது குளத்துத் தண்ணீர் அமீபா மூளைக்காய்ச்சல் வேறு. திருவனந்தபுரம் அரசு மெடிக்கல் காலேஜில் ஐ.டி. தனித் துறையாகவே இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புக்கு 2018-லேயே மாநிலத் திட்டம் போட்டார்கள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிற கடைகளுக்கு 2024-இல் ரெய்டு விட்டார்கள். அதனால் பாறசாலைக்காரர் ஒருவர் அசித்ரோமைசினுக்கு எல்லை தாண்டி நம் பக்கம் வந்து வாங்கிப் போனதை என் ஓ.பி.யிலேயே பெருமையாகச் சொன்னார். (உங்கள் மாமா கடையாக இருக்காது என்று நம்புகிறேன்.)

நாகர்கோவில் பக்கம் தனி ஐ.டி. வேலை இன்னும் குறைவு. பாதி ஐ.டி., பாதி மெடிசின் என்றுதான் எடுப்பார்கள். தப்பில்லை. ஆனால் வேலை கேட்டுப் போகிற இடத்தில் சம்பளம் கேட்பதற்கு முன் லேபைக் காட்டச் சொல்லுங்கள். பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) அங்கேயே வைக்கிறார்களா, இல்லை மாலை கூரியரில் வேறு ஊருக்குப் போகிறதா? ராத்திரி பாட்டில் பாசிட்டிவ் ஆனால் கிராம் ஸ்டெயின் (கிருமிக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில்) பார்க்க ஆள் உண்டா, காலை வரை அப்படியே இருக்குமா? மைக்ரோபயாலஜிஸ்ட் முழு நேரமா, வாரத்துக்கு ஒரு நாள் வந்து கையெழுத்துப் போடுகிறவரா? நான் தினமும் வார்டுக்குப் போவதற்கு முன் லேபுக்குத்தான் போகிறேன். பிளேட்டில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனால் ரவுண்ட்ஸ் பாதி முடிந்த மாதிரி. லேப் இல்லாத ஆஸ்பத்திரியில் டி.எம். ஐ.டி. போய் உட்கார்ந்தால், நீளமான டிகிரி வைத்திருக்கிற ஜெனரல் பிசிஷியன்தான்.

ஒரு வருட சர்டிஃபிகேட் பற்றி: கற்றுக்கொள்ள நல்லது. மெடிக்கல் காலேஜில் அந்தத் துறையில் ஆசிரியராகவோ, போர்டில் சூப்பர் ஸ்பெஷலிஸ்ட் என்றோ போட வேண்டுமானால் அங்கீகாரம் உள்ள டி.எம். அல்லது அதற்குச் சமமான பட்டம் வேண்டும். அதில் வாதமே வேண்டாம்.

கல்ச்சர்_பிளேட்:

நாகர்கோவிலில் மைக்ரோபயாலஜி. அக்கா லேபைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஒரு பக்கம்தான் சொல்லியிருக்கிறார்.

லேப் இல்லாத ஆஸ்பத்திரி ஒரு ரகம். லேப் இருந்தும் ஒழுங்காக சாம்பிள் அனுப்பாத ஆஸ்பத்திரி அதைவிடப் பெரிய ரகம். மூன்று நாள் ஊசி போட்ட பிறகு ஒரே ஒரு பாட்டிலில் இரண்டு மில்லி ரத்தம் ஊற்றி அனுப்பிவிட்டு, "ஒன்றும் வளரலையே, உங்க மெஷின் சரியில்லையோ" என்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு தனித்தனி இடத்திலிருந்து, முதல் ஊசிக்கு முன்னால். இதை நான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒட்டியதோடு சரி. நான் லேபில் இருந்து போன் போட்டுச் சொன்னால் கேட்க மாட்டார்கள், நோயாளி பக்கத்தில் நின்று சொல்ல ஒரு கிளினீஷியன் வேண்டும். தம்பி ஐ.டி. படித்து வந்தால் என் மாதிரி ஆட்களுக்குத்தான் முதலில் நிம்மதி.

இன்னொன்று. இந்தத் துறைக்கு வேலை இல்லாமல் போகும் என்று பயப்பட வேண்டாம், வருத்தமான காரணத்தால்தான். 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் என்.டி.எம்.-1 (வலுவான ஆன்டிபயாட்டிக்கையும் முறித்துவிடுகிற, கிருமியின் ஒரு நொதி) பற்றி வந்த பெரிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். 2012-இல் சென்னையில் கூடி ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புக்கு 'சென்னை பிரகடனம்' போட்டார்கள். அன்று மாநாட்டில் பேசப்பட்ட கிருமி இன்று எங்கள் சிறுநீர் கல்ச்சர் பிளேட்டில் சாதாரணமாக வருகிறது, ஐ.சி.யூ. பக்கமே போகாத நோயாளிக்கும். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் தனியாகக் கொடுத்தால் என்.டி.எம். கேட்காது, கூடவே அஸ்ட்ரியோனம் வேண்டும் என்று தெரிந்து சீட்டு எழுதுகிறவர்கள் எங்கள் ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அருமனைக்காரன்:

நான் அமெரிக்காவில் ஐ.டி. நடு மேற்கில் சின்ன ஊர், குளிர் அதிகம், நல்ல மீன் கிடைக்காது. வெளிநாடு பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

இங்கே வழி வேறு. இந்தியாவில் டி.எம். முடித்துவிட்டு வந்தாலும் இங்கத்து டாக்டர் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ. எழுதி, இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி மூன்று வருடம் முதலிலிருந்து செய்துவிட்டு, அதற்கு மேல் ஐ.டி. ஃபெல்லோஷிப் இரண்டு வருடம். ஆகவே அமெரிக்காதான் எண்ணம் என்றால் டி.எம். சேருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள், பிறகு அல்ல. ஒரு சௌகரியம் உண்டு: ஐ.டி. ஃபெல்லோஷிப் கிடைப்பது கஷ்டம் இல்லை. 2022 மேட்சில் (பயிற்சி இடங்களை ஒதுக்கும் முறை) பாதிக்குச் சற்று மேற்பட்ட ஐ.டி. புரோகிராம்கள்தான் எல்லா இடங்களையும் நிரப்பின. கார்டியாலஜியில் அப்படி ஒரு பேச்சே கிடையாது. காரணம் மாமா சொன்னதுதான், இங்கேயும் ப்ரொசீஜருக்குத்தான் பணம். இரண்டு வருடம் கூடுதலாகப் படித்த ஐ.டி. டாக்டர், படிக்காமல் நேரே ஹாஸ்பிட்டலிஸ்ட் (வார்டு நோயாளிகளைப் பார்க்கும் பொது மருத்துவர்) ஆகப் போன நண்பனைவிடக் குறைவாக வாங்குவது இங்கே சாதாரணம். என் வீட்டுக்காரி இதை அடிக்கடி நினைவூட்டுவாள்.

முடித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்றால், என் பேட்ச்சை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் யுனிவர்சிட்டியில் டிரான்ஸ்பிளான்ட் ஐ.டி. ஒருவர் எச்.ஐ.வி. கிளினிக், இங்கே 1990-இல் கொண்டுவந்த ரயன் ஒயிட் சட்டத்தின் பணத்தில் ஓடுகிற கிளினிக்குகள் ஊர் ஊராக உண்டு, நோயாளியை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கலாம். ஒருவர் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் இ.ஐ.எஸ். (நோய்ப் பரவலைப் புலனாய்வது) பயிற்சிக்குப் போய் நோய்த் துப்பறிகிறவர் ஆகிவிட்டார். ஒருவர் தடுப்பூசிக் கம்பெனியில் ட்ரையல் பார்க்கிறார், எங்களில் அதிகச் சம்பளம் அவருக்குத்தான். மருத்துவமனை தொற்றுக் கட்டுப்பாட்டுக்கும் ஸ்டூவர்ட்ஷிப்புக்கும் (ஆன்டிபயாட்டிக்கை அளவோடு பயன்படுத்த வைப்பது) மெடிக்கல் டைரக்டர் என்று பகுதி நேரச் சம்பளம் கிடைக்கும், அதைக் கன்சல்ட் வேலையோடு சேர்த்துப் பிழைப்பது என் மாதிரி ஆட்கள். பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு வீடியோவில் கன்சல்ட் பார்ப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. இந்தியாவிலும் அது வரும் என்று நினைக்கிறேன். திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டே தக்கலை, மார்த்தாண்டம், தென்காசி என்று நாலு ஐ.சி.யூ. பார்க்கலாமே?

விசா விஷயம் முக்கியம். ஜே-1 விசாவில் படித்தால் முடித்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்து விலக்கு வாங்க வேண்டும். கான்ராட் 30 என்று பெயர், மாநிலத்துக்கு வருடம் 30 பேர். என்னுடைய குளிர் ஊர் அப்படி வந்ததுதான். விலக்கு முடிந்த பிறகும் இந்தியாவில் பிறந்தவருக்கு கிரீன் கார்டு வரிசை எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே தெரியாது. பாறசாலையில் வேலை பார்க்கும் டீச்சரிடம் இதை எல்லாம் சொல்லிப் பாருங்கள், பதில் அவரிடம்தான் இருக்கிறது.

களியக்காவிளை_தம்பி:

எல்லோருக்கும் நன்றி. அருமனை அண்ணா, டீச்சரிடம் சொன்னேன். சம்மர் லீவுக்கு வேண்டுமானால் வரலாம் என்றாள். ஆக அமெரிக்கா இல்லை.

அக்கா, இரண்டு விஷயம் கேட்கணும். ஒன்று, மாதச் சம்பளம் என்றால் மற்றவர்களோடு ஒப்பிட்டு எவ்வளவு வரும்? ரூபாய்க் கணக்கு வேண்டாம், தோராயமாகப் போதும். இரண்டு, டி.எம். முடித்துவிட்டு வார்டை விட்டு ஆராய்ச்சி, பொதுச் சுகாதாரம் என்று போவது நல்லதா? வகுப்பில் ஒருவன் "ஐ.டி. படித்தவன் டபிள்யூ.ஹெச்.ஓ.வுக்குப் போயிரலாம்" என்கிறான்.

சர்வைலன்ஸ்_சார்:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அக்கா சம்பளத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். மாவட்டத்தில் நோய்க் கண்காணிப்பு வேலையில் இருக்கிறேன். ஜூன் வந்தால் என் போன் சும்மா இருக்காது. கேரளத்தில் நிபா என்று டி.வி.யில் ஓடினால் அடுத்த நாள் எல்லையில் காய்ச்சல் பார்க்க டேபிள் போட வேண்டும், கலெக்டர் ஆபீஸுக்கு மத்தியானத்துக்குள் ரிப்போர்ட் போக வேண்டும்.

தம்பி, இந்த வேலைக்கு டி.எம். தேவையே இல்லை. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்து மெடிக்கல் ஆபீசர் ஆவதற்கும் தேவையில்லை. தேவைப்படுவது எபிடெமியாலஜி, அதாவது நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் படிப்பு. சென்னை அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் எபிடெமியாலஜி நிறுவனமான என்.ஐ.இ. இருக்கிறது. அங்கே இரண்டு வருடப் படிப்பு, பாதி நேரம் களத்தில். டெல்லியில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமான என்.சி.டி.சி. நடத்தும் இந்திய இ.ஐ.எஸ். 2012 முதல் இருக்கிறது. டபிள்யூ.ஹெச்.ஓ.வின் போலியோ கண்காணிப்பு ஆபீசர், காசநோய்த் திட்டக் கன்சல்டன்ட் போன்ற வேலைகளும் எம்.பி.பி.எஸ்.ஸோடு கம்யூனிட்டி மெடிசின் படித்தவர்கள் அதிகம் போகிற வழி. ஒப்பந்தம், வருடா வருடம் நீட்டிப்பு, ஜீப்பில் ஊர் ஊராக. எனக்குப் பிடித்திருக்கிறது. நோயாளி பக்கத்தில் நிற்காமல் தூக்கம் வராது என்கிற ஆளுக்குப் பிடிக்குமா தெரியவில்லை, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பிடிக்காது என்றே தோன்றுகிறது.

ஆராய்ச்சி வேறு விஷயம். அதற்கு டி.எம். நல்ல அடித்தளம். காசநோய்க்கு சானடோரியம் வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதும் என்று உலகத்துக்கே காட்டியது சென்னை சேத்துப்பட்டு ஆய்வு நிலையம்தான், 1956-இல் தொடங்கி 1959-இல் முடிவை வெளியிட்டார்கள். இன்று அது என்.ஐ.ஆர்.டி. என்ற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் தெரிந்தது, பரிசோதனை நடந்தது வேலூரில். இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரலில் தொடங்கியபோது முதலில் வந்த இடங்களில் தாம்பரம் ஒன்று. நம் ஊரில் இந்தத் துறைக்குப் பெரிய ஆட்கள் பலர் எச்.ஐ.வி. வார்டிலிருந்துதான் உருவானார்கள், அப்போது டி.எம். ஐ.டி. என்று பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. எல்லை தாண்டி, திருவனந்தபுரத்துக்கு வடக்கே தோன்னைக்கல்லில் கேரள அரசின் வைராலஜி இன்ஸ்டிடியூட் இருக்கிறது. பாறசாலையிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான்.

அரசு மாவட்ட மருத்துவமனைகளில் ஐ.டி. என்று தனிப் பதவியை நான் பார்த்த வரை நம் பக்கம் காணவில்லை. மெடிசின் பதவியில் இருந்துகொண்டு ஐ.டி. வேலை பார்க்கலாம், பெயர்ப் பலகை இருக்காது.

தக்கலை_அக்கா:

சர்வைலன்ஸ் சார் சொன்னதோடு எனக்கு ஒத்துப்போகிறது. டபிள்யூ.ஹெச்.ஓ.வுக்காக யாரும் டி.எம். படிக்க வேண்டாம்.

சம்பளம். என் ஆஸ்பத்திரியில் கார்டியாலஜிஸ்ட் வாங்குவதில் பாதிக்கும் கீழே. நீண்ட நாள் இருக்கிற எம்.டி. மெடிசின் சீனியரைவிடக் கொஞ்சம் மேலே. நெஃப்ராலஜிக்காரர்கள் டயாலிசிஸ் இருப்பதால் எங்கேயோ போய்விட்டார்கள், அந்தப் பேச்சே வேண்டாம். கொச்சியில், பெங்களூரில் இதைவிடக் கூடக் கொடுப்பார்கள், வாடகையும் கூட. நாகர்கோவிலில் தங்கி சின்ன வீட்டில் இருந்தால் இது தாராளம். நான் பணம் இல்லை என்று அழுது பார்த்ததில்லை, ஆனால் கூடப் படித்தவன் கார் மாற்றும்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் பேரம் பேசும்போது சம்பளத் தொகையைவிட முக்கியமானது வேறு இரண்டு உண்டு. கோலிஸ்டின், செஃப்டாசிடிம்-அவிபாக்டம், பூஞ்சைக்கான விலை கூடிய ஊசிகள் போன்றவற்றை உங்கள் கையெழுத்து இல்லாமல் பார்மசி மூன்று நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள், முதல் சர்ஜன் கத்தினதும் காற்றில் போய்விடும். இன்னொன்று, தொற்றுக் கட்டுப்பாட்டுக்கு என்று முழுநேர நர்ஸ் ஒருவர் உங்களோடு வேண்டும். முடிந்தால் ஒரு கிளினிக்கல் பார்மசிஸ்டும். கொச்சி அமிர்தாவில் பார்மசிஸ்டுகளை முன்னால் நிறுத்தி ஸ்டூவர்ட்ஷிப் நடத்துவதைப் போய்ப் பாருங்கள், தனி ஆளாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு ஓடுவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அரை நாளில் தெரிந்துவிடும். என் நர்ஸ் இல்லாத வாரங்களில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்) தொற்று ஏறுவதை நானே கணக்குப் புத்தகத்தில் பார்க்கிறேன்.

அருமனை அண்ணன் சொன்ன வீடியோ யோசனை நடக்கிற காரியம்தான், ஏற்கெனவே தக்கலையில் ஒரு சின்ன ஐ.சி.யூ.வுக்கு மாலையில் போனில் ஃபைல் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரே தொல்லை, ஸ்க்ரப் பொருக்கு எங்கே என்று போனில் தேட முடியாது. அங்கே இருக்கிற டூட்டி டாக்டர் பொறுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

எல்லையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம், யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நீங்கள் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் பதிவு செய்திருப்பீர்கள். திருவனந்தபுரத்தில் சேர வேண்டுமானால் கேரள கவுன்சிலிலும் பதிவு வேண்டும் (பழைய ஆட்கள் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சி கவுன்சில் என்றுதான் சொல்வார்கள்). டி.எம். சர்டிஃபிகேட் கைக்கு வந்ததும் கூடுதல் தகுதியாக அதையும் இரண்டு இடத்திலும் ஏற்றிவிடுங்கள். பேப்பர் நடக்க நேரம் எடுக்கும், சேரும் தேதி சொன்ன பிறகு ஓடினால் ஒரு மாதச் சம்பளம் போகும். மலையாளம் பேச உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, எழுதப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பாறசாலைப் பஞ்சாயத்து ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ரெஃபரல் சீட்டில் நோயாளி போன வாரம் எந்தக் குளத்தில் குளித்தார் என்பதைக்கூடச் சில ஜூனியர்கள் மலையாளத்தில் எழுதி அனுப்புகிறார்கள்.

கவுன்சிலிங்குக்கு முன்னால் லீவு கிடைத்தால் வேலூரிலோ கொச்சியிலோ கொஞ்ச நாள் அப்சர்வராகப் போய் நில்லுங்கள். திருவனந்தபுரத்துக்கு வந்தால் என் ரவுண்ட்ஸுக்கும் வரலாம். முதலில் லேபுக்கு வாருங்கள், ஏழரைக்கு.